யேசுதாஸ் ஓட்டாத மணித்தியாலங்கள்

ஜனவரி 8, திங்கள்

இந்தக் கொப்பியை இன்று காலை ஸ்காபரோவில் டொலர் கடையில் வாங்கினேன். "அம்மா, டயறி எழுதப் போறீங்களோ?" என்று ஆரணி சிரித்தாள். டயறி இல்லை, நான் எத்தனை மணிக்கு எங்கே நின்றேன் என்று எழுதப்போகிறேன் என்றேன். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

விஷயம் இதுதான். ட்ரக்கில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. சில்லு உருளத் தொடங்கினால் அதுவும் எண்ணத் தொடங்கும். ஓட்டுகிற நேரம், நின்று வேலை செய்கிற நேரம், இருக்கைக்குப் பின்னால் உள்ள பின்கட்டிலில் படுக்கிற நேரம், ஓய்வு நேரம் என்று நாலு கோடு. அரசாங்கத்தின் சட்டம் அது. நேற்று வின்னிபெக்கில் இருந்து திரும்பி யார்டில் வண்டியை விட்ட பிறகு, முதல்தடவையாக அந்தத் திரையைப் பின்னுக்குத் தட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை பகல் பன்னிரண்டில் இருந்து மாலை ஆறு வரை நான் பின்கட்டிலில் படுத்திருந்தேனாம். அந்த ஆறு மணித்தியாலமும் கெனோறாவில் இருந்து தண்டர்பேப் பக்கம் வண்டியை ஓட்டி வந்தவர் அ. யேசுதாஸ்.

அந்த வண்டியில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

ஜனவரி 9, செவ்வாய்

வேலை இல்லை. உடுப்புத் தோய்த்தேன். யேசுதாஸ் என்று எனக்கு ஒருவரையும் தெரியாது. மற்ற ட்ரைவர்களை யார்டில் கண்டால் தலையாட்டுவதோடு சரி, பேர் தெரியாது.

ஜனவரி 12, வெள்ளி

மறந்துபோகாமல் சட்டத்தை எழுதி வைக்கிறேன். ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. ஓட்டுவது, சாமான் ஏற்றுவது, டயர் பார்ப்பது எல்லாம் சேர்த்துப் பதினான்கு. ஓய்வு பத்து, அதில் எட்டு இடையில் முறியாமல் ஒன்றாக இருக்கவேண்டும். ஏழு நாளுக்கு எழுபது. பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுத்த மனுசி கரும்பலகையில் இந்த எண்களை எழுதிவிட்டு, "இதில் ஒவ்வொரு எண்ணும் யாரோ செத்த பிறகு போட்டது" என்றாள். நான் சோதனையில் தொண்ணூற்றாறு புள்ளி.

இன்று ஒஃபிசுக்குப் போய் நித்தியண்ணையிடம் கேட்டேன். கொம்பனி அவருடையது. பதினொரு ட்ரக். எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று சொல்வதும் அவர்தான்.

"அண்ணை, யேசுதாஸ் ஆர்?"

அவர் முகம் மாறவில்லை. "அது சிஸ்டம் பிழை, தங்கச்சி. விடுங்கோ."

"சிஸ்டத்துக்குப் பேர் இருக்கோ?"

கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். கோபப்படவில்லை. "உங்கட பதின்மூண்டு மணியைப் பாத்துக்கொண்டு நிண்டால் வெள்ளிக்கிழமைச் சாமான் சனிக்கிழமைதான் போய்ச் சேரும். அடுத்த முறை சாமான்காரன் எனக்குத் தரமாட்டான். நானும் இருவது வருசம் ஓடினனான். கடதாசியில எழுதிற காலத்தில ரெண்டு கொப்பி வச்சிருந்தனான். ஒண்டு பொலிசுக்கு, ஒண்டு எனக்கு."

"உங்களுக்கு எழுதினதில உண்மை இருந்ததோ?"

"இருந்தது. பிறகு எரிச்சுப்போட்டன்."

எழும்பும்போது சொன்னார்: "நீங்கள் ஓடத் தொடங்கிப் பதின்நாலு மாசம். மற்றக் கொம்பனிக்காரர் ரெண்டு வருசம் இல்லாமல் எடுக்கமாட்டினம், இன்சூரன்ஸ் விடாது. நாப்பத்தாறு வயதுப் பொம்பிளைக்கு நான்தான் வண்டித் திறப்பைக் கையில தந்தனான். அதை மறக்காதேங்கோ."

மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நாளும் திரையைப் பின்னுக்குத் தட்டிப் பார்க்காமல் இருந்தேன்.

ஜனவரி 15, திங்கள்

காலை 4:50 யார்ட். டயர், பிரேக், விளக்கு பார்த்தேன். 5:20 வெளிக்கிட்டேன்.
10:15 சட்பரி. பாணும் சம்பலும் சாப்பிட்டேன்.
2:40 சூ நகரம். டீசல் அடித்தேன்.
6:10 வாவா. சரியான பனி. இங்கேயே நிற்கலாம் என்று பார்த்தேன். நித்தியண்ணையின் போன் வந்தது. வெளிக்கிட்டேன்.
8:25 வைற் றிவர்.

வைற் றிவருக்குப் பத்துக் கிலோமீற்றர் முன்னால் வண்டி கொஞ்சம் இழுத்தது. பனி. ஒன்றும் நடக்கவில்லை. களைப்பும் இல்லை.

வாவாவில் இருந்து ஓட்டியது யேசுதாஸ் என்று திரை சொல்கிறது. போனில் படம் எடுத்து வைத்தேன்.

ஜனவரி 16, செவ்வாய்

வின்னிபெக் வரை றேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓடினேன்.

ஜனவரி 19, வெள்ளி

வீடு. ஆரணியின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரைச் சந்திக்க மூன்று மணிக்கு நேரம் தந்திருந்தார்கள். இரண்டரைக்கே போய்க் கார் தரிப்பிடத்தில் இருந்தேன். யோசித்துக்கொண்டு இருந்துவிட்டேன். மணி பார்க்க ஐந்தே கால். ஆரணி கண்ணாடியில் தட்டினாள். நான் சீற்பெல்ற் இன்னும் போட்டபடி.

"அம்மா, நீங்கள் நித்திரை."

"இல்லை, யோசிச்சனான்."

அவள் மற்றப் பக்கம் ஏறினாள். வீடு வரும்வரைக்கும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள், றோட்டை இல்லை. அவளுடைய அப்பாவுக்கும் போனில் ஏதோ சொல்லியிருக்கிறாள். மொன்றியலில் புதுக் குடும்பத்தோடு இருக்கிற மனுசன் இரவு எனக்கு மெசேஜ் அனுப்புகிறார், "இந்த வேலை உனக்குத் தேவையோ?" என்று. தேவை. அந்த நாலு சொல்லுக்கும் அந்த ஒரு சொல்தான் பதில். அனுப்பவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

யேசுதாசைக் கண்டுபிடித்துவிட்டேன்.

யார்டில் டயர் மாற்றுகிறவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பாராமல், டயரைப் பார்த்தபடியே விலாசத்தைச் சொன்னார். மார்க்கம் றோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளம். கதவைத் திறந்தவர் யேசுதாசின் மனைவி மெற்றில்டா. யேசுதாஸ் ஊன்றுகோலோடு எழும்பி நின்றார். ஊரில் குருநகர் ஆள், ஐம்பது வயது இருக்கும், பெரிய கைகள்.

"நான் தயாளினி. நித்தியண்ணையின்ர வண்டி ஓடுறன். இந்த மாசம் ஆறாம் திகதி நீங்கள் கெனோறாவில இருந்து என்ர வண்டியை ஓட்டியிருக்கிறியள்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நான் செப்ரெம்பர் பதினெட்டுக்குப் பிறகு ஸ்டியரிங் தொடேல்லை, பிள்ளை."

அன்று அவருடைய ட்ரக் நிப்பிகன் பக்கத்தில் பள்ளத்தில் போய்ப் படுத்தது. இடுப்பு முறிந்தது. கவனயீனமாக ஓட்டினதாக வழக்கு, மார்ச்சில் விசாரணை. அன்று பதினேழாவது மணித்தியாலமாக ஓட்டிக்கொண்டிருந்தாராம். ஆனால் திரையில் அவர் பத்து மணித்தியாலம் படுத்தெழும்பி, இரண்டு மணித்தியாலம்தான் ஓட்டியிருக்கிறார். முந்தின மணித்தியாலங்களில் வேறொருவரின் பேர்.

"வடிவாப் படுத்தெழும்பின மனுசன் ஏன் பள்ளத்துக்க விட்டவன் எண்டு கேக்கினம். நான் என்ன சொல்லுறது? நித்தி அனுப்பின லோயர் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லுறார். கெதியா முடிஞ்சிடுமாம்."

என் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். ஜனவரி 15, மாலை ஆறு பத்தில் இருந்து எட்டு இருபத்தைந்து வரை: அ. யேசுதாஸ். மெற்றில்டா எழும்பிப் போய் ஒரு கடித உறையோடு வந்தார். ஆஸ்பத்திரிக் கடதாசி. இடுப்பில் பூட்டிய ஆணி ஒன்றைத் திரும்பக் கழற்ற ஜனவரி 15 காலை அவரை ஒப்பரேஷனுக்கு எடுத்திருக்கிறார்கள். அடுத்தநாள்தான் வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள்.

யேசுதாஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் கட்டிலில கிடக்கிறன். என்ர பேர் மட்டும் வைற் றிவரில ஓடுது."

மெற்றில்டா என்னைப் பார்த்தார். "அக்கா, இதை நீங்கள் போய்ச் சொல்லுவியளோ?"

தந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். ஆரணிக்குச் செப்ரெம்பரில் பல்கலைக்கழகம். எனக்கு இன்னும் பத்து மாதம் வேண்டும். இதெல்லாம் அவர்களுக்குச் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். மெற்றில்டா தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் யோசிக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்த மாதிரி.

ஜனவரி 29, திங்கள்

காலை 5:05 வெளிக்கிட்டேன். சட்பரிக்கு முன்னாலேயே பனி. இரண்டு இடத்தில் றோட்டை மறித்து ஒருவழியாக விட்டார்கள்.
7:00 வாவா. ஓட்டினது பன்னிரண்டு மணியும் ஐம்பது நிமிடமும், டயர் பார்த்தது டீசல் அடித்தது எல்லாம் சேர்த்துப் பதினான்கும் முடிந்தது. ட்ரக் தரிப்பிடத்தில் கொண்டுபோய் நிறுத்தி எஞ்ஜினைச் சும்மா ஓடவிட்டேன்.

7:12க்குப் போன்.

"ஏன் வண்டி நிக்குது?"

"என்ர மணி முடிஞ்சுது, அண்ணை."

"அதை நான் பாக்கிறன். நீங்கள் எடுங்கோ."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை மாறியது. சிவப்பாக இருந்தது பச்சையானது. இன்னும் ஏழு மணித்தியாலம் ஓட்டலாம் என்று காட்டியது. ஸ்காபரோவில் ஒரு மேசையில் இருந்து ஒரு மனுசன் விரலால் தட்ட, என் உடம்பில் இருந்து பகல் முழுவதும் கழன்று போய்விட்டது. அப்படித்தான் இத்தனை நாளும் நடந்திருக்கிறது. இன்றைக்குத்தான் அது நடக்கிறபோது பார்த்தேன்.

படம் எடுத்தேன்.

"இப்ப சரி. எடுங்கோ, தங்கச்சி."

"நான் எடுக்கமாட்டன்."

"என்ன?"

"நான் ஓடின மணியை நீங்கள் எடுத்து ஆருக்கும் குடுக்கலாம். நான் இனி ஓடப்போற மணி என்ர. அதைத் தரமாட்டன். காலமை அஞ்சுக்கு வெளிக்கிடுறன்."

"நாளையில இருந்து உங்களுக்கு வண்டி இல்லை."

"சரி. ஆனா இந்த வண்டி இப்ப வாவாவிலதான் நிக்குது. திறப்பு என்ர கையில."

வைத்துவிட்டேன். போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டேன். குளிரென்று எழுதலாம். குளிர் இல்லை, ஹீற்றர் போட்டிருந்தேன்.

ஆரணிக்கு மட்டும் ஒரு மெசேஜ்: நிற்கிறேன், படுக்கப்போகிறேன். அவள் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று.

ஜனவரி 30, செவ்வாய்

ஐந்துக்கு வெளிக்கிட்டேன். தண்டர்பேக்கு முன்னால் எடை பார்க்கும் இடத்தில் உள்ளே வரச்சொல்லி விளக்கு எரிந்தது. நித்தியண்ணையின் மெசேஜ் அதற்கு முன்பே வந்து கிடந்தது: "மறிச்சால் யேசுதாஸ் சூவில் சுகமில்லாமல் இறங்கினவர் எண்டு சொல்லுங்கோ. நேற்றுக் கதைச்சதை மறப்பம்."

அதிகாரி நரைத்த தாடிக்காரர். திரையில் இருந்த பதிவைத் தன் கொம்பியூட்டரில் இறக்கிப் பார்த்தார். "உங்களோடு ஓட்டுகிற மற்றவர் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த இடத்தில் ஒரு வசனம் போதும். சூவில் இறங்கிவிட்டார் என்று சொன்னால் பத்து மாதம் ஓடும், பிறகு எனக்கு எந்தக் கொம்பனியும் கதவு திறக்கும். வாயில் வசனம் தயாராக இருந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது, அவ்வளவு தயாராக.

"மற்றவர் இல்லை" என்றேன். "ஒருநாளும் இருக்கவில்லை."

அவர் பேனாவை வைத்தார். தொடர்ந்து கதைத்தால் எனக்கும் அது பிரச்சினையாகும் என்று சொன்னார். பொய்ப் பதிவோடு ஓட்டியது நானும்தான். தெரியும் என்றேன். போனில் இருந்த படங்களைக் காட்டினேன். நித்தியண்ணையின் மெசேஜையும். பிறகு இந்தக் கொப்பியைக் கொடுத்தேன்.

திறந்தார், புரட்டினார், ஒரு எழுத்தும் விளங்கவில்லை. "நீங்களே வாசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். ஜனவரி 15 வந்தது. வாவா, ஆறு பத்து. வைற் றிவர், எட்டு இருபத்தைந்து. அதற்குக் கீழே என் கையெழுத்தில்: ஒன்றும் நடக்கவில்லை.

நான் நிறுத்திவிட்டேன்.

"என்ன எழுதியிருக்கிறது?"

"பொய்."

அவர் எழுதிக்கொண்டிருந்த தாளைப் புரட்டி, புதுப் பக்கம் எடுத்தார். அவசரப்படுத்தவில்லை.

சொன்னேன். அன்றைக்கு வண்டி இழுக்கவில்லை. நான் நித்திரையாகிவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண் விழித்தபோது வண்டி மற்றப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது, எதிரே ஒரு பிக்கப் வண்டியின் இரண்டு விளக்கும் என் முகத்தில். பிக்கப்காரர் ஹோர்னை அழுத்தியபடி பனிக்குள் இறங்கி, மறுபடி றோட்டில் ஏறிப் போனார். அவருக்குப் பக்கத்து இருக்கையில் இன்னொரு ஆள் இருந்தது. பொம்பிளை. முகம் பார்க்கவில்லை, ஒரு மஞ்சள் தொப்பி மட்டும் கண்டேன். நான் நிற்கவில்லை. வைற் றிவர் வரைக்கும் ஓடினேன். பிறகு இறங்கிச் சத்தி எடுத்தேன். பிறகு ஏறி, களைப்பு இல்லை என்று எழுதினேன்.

இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இந்தக் கொப்பிக்குக்கூட.

தாடிக்காரர் எழுதி முடித்து, கொப்பியைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். எழுபத்திரண்டு மணித்தியாலம் நான் எந்த ட்ரக்கும் ஓட்டக்கூடாது என்று கடதாசி தந்தார். குற்றப்பத்திரம் ஒன்றும். கொம்பனி பற்றி விசாரணைக்காரர் என்னோடு கதைப்பார்கள் என்றார். கதவடியில் வைத்து, "உங்களுக்குச் சாப்பாடு இருக்கிறதா?" என்று கேட்டார். இடியப்பம் இருக்கிறது என்றேன். அது என்ன என்று கேட்கவில்லை. இருக்கிறது என்பது அவருக்குப் போதுமாக இருந்தது.

ஜனவரி 31, புதன்

தண்டர்பேயில் மோட்டல். பதினொரு மணித்தியாலம் நித்திரை கொண்டேன்.

பிப்ரவரி 1, வியாழன்

நித்தியண்ணை வண்டியை எடுக்க வேறு ஒருவரை அனுப்பினார். என் போர்வையையும் சமையல் அடுப்பையும் ஒரு கறுப்புப் பையில் போட்டு வந்தவர் மோட்டல் வாசலில் வைத்துவிட்டுப் போனார். சின்னப்பிள்ளைத்தனமாக, அந்தப் பை நாள் முழுவதும் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டேன். பிறகு போய் எடுத்துவந்தேன். என் அடுப்பு.

விசாரணைக்காரர்களோடு போனில் இரண்டு மணித்தியாலம். எல்லாம் சொன்னேன். அதன் பிறகு மெற்றில்டாவுக்கு எடுத்தேன். "யோசிச்சிட்டன்" என்றேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

நித்தியண்ணை வீட்டுக்கு வந்தார். ஆரணி கதவைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றாள், உள்ளே போகவில்லை. அவர் கதிரையின் நுனியில் இருந்தார். விசாரணைக்காரர் ஒஃபிசுக்கு வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். பதினொரு ட்ரக்கும் யார்டில். ஆள் மெலிந்துவிட்டார். பாவமாக இருந்தது. அதை ஒளிக்கவில்லை.

ஒரு கடிதம் எடுத்து மேசையில் வைத்தார். கொம்பனித் தாளில், கையெழுத்தோடு. தயாளினி எங்களிடம் இரண்டு வருடமும் ஒரு மாதமும் எந்தக் குறையும் இல்லாமல் ஓட்டினார்.

"இதோட போனால் எங்கையும் எடுப்பாங்கள். நீங்கள் ஒண்டும் பொய் சொல்லத் தேவையில்லை. அந்தத் திரையை விளங்காமல் பாத்திட்டன் எண்டு மட்டும் விசாரணைக்காரருக்கு ஒரு வார்த்தை."

வாசித்தேன். இரண்டாம் தரமும் வாசித்தேன். வடிவான கடிதம்.

"அண்ணை, நான் உங்களிட்டப் பதின்நாலு மாசம்தான் ஓடினனான்."

"அது எனக்குத் தெரியும்."

"அப்ப பதின்நாலு எண்டு எழுதித் தாங்கோ. அதை வாங்கிறன்."

"நான் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தனான்?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். அவருக்கு விளங்கவில்லை.

"எனக்கு ஒரு வண்டி தந்தியள். அதில ரெண்டு பேரைச் சாகக்குடுக்கப் பாத்தன்" என்றேன். "அந்தக் கதையை உங்கட திரை எழுதேல்லை."

கடிதத்தை மடித்துக்கொண்டு போனார். பதின்நாலு என்று எழுதித் தரவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

நாலாவது கொம்பனி. ஏன் விலகினீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். கூப்பிடுகிறோம் என்றார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

ஆறாவது. சொன்னேன். கூப்பிடுகிறோம் என்றார்கள்.

ஆரணி கேட்டாள்: "அம்மா, உதைச் சொல்லாமல் விடலாமே?" விடலாம் என்றேன். அவள் பிறகு எனக்கு முட்டை பொரித்துத் தந்தாள். கருகிய முட்டை. முழுவதும் சாப்பிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

நீதிமன்றம். நான் சாட்சிக் கூண்டில் ஏறவே தேவைப்படவில்லை. விசாரணைக்காரரின் அறிக்கையும் ஆஸ்பத்திரிக் கடதாசியும் கையில் வந்த பிறகு, பொய்யான திரைப் பதிவை வைத்து வழக்கு நடத்தமுடியாது என்று, யேசுதாசின் மேல் போட்ட வழக்கை அரசாங்கத் தரப்பே திரும்பப் பெற்றது. மொத்தம் ஒன்பது நிமிடம். அவருக்கு முடிந்தது விளங்கவில்லை, ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். மெற்றில்டா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

வெளியே வந்து சொன்னார்: "பிள்ளை, அண்டைக்கு நான் பதினேழு மணித்தியாலம் ஓடினது உண்மை. ஏலாதெண்டு நான் சொல்லியிருக்கலாம், மாட்டன் எண்டு இறங்கியிருக்கலாம். அந்தப் பிழை என்ர." ஓம் என்றேன். என்னுடையதும் என்றேன்.

என் குற்றப்பத்திரத்துக்கு நான் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டேன். அதில் சொன்னது நான் செய்தது.

ஏப்ரல் 3, புதன்

ஒன்பதாவது கொம்பனி. கேட்டவள் டோனா என்கிற வெள்ளைக்கார மனுசி, அறுபது வயது இருக்கும். ஏன் விலகினீர்கள். சொன்னேன். பிக்கப்பையும் சேர்த்துச் சொன்னேன். அவள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்சூரன்ஸ்காரனோடு சண்டை பிடிக்கவேண்டும், ஒரு வருடத்துக்கு ஒன்ராறியோவுக்குள்ளே மட்டும், மூன்று மாதம் வேறொரு ட்ரைவர் பக்கத்தில் இருப்பார், சம்மதமோ என்றாள்.

"உண்மையான ஆளோ?" என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கி மேசையில் அடித்துச் சிரித்தாள்.

ஜூலை 18, வியாழன்

பக்கத்தில் ஆள் இல்லாமல் ஓடத் தொடங்கி இரண்டாம் கிழமை.

காலை 4:30 யார்ட். 5:00 வெளிக்கிட்டேன். லண்டனில் இறக்கி, விண்ட்சரில் ஏற்றி, பின்னேரம் 3:40க்கு வூட்ஸ்ரொக் பக்கத்தில் ட்ரக் தரிப்பிடத்தில் நிறுத்தினேன். டோனா எடுத்தாள். கிச்சனரில் ஒரு சாமான் பெட்டி காத்துக்கொண்டிருக்கிறதாம், இன்றைக்கே எடுக்கலாமோ என்றாள். திரையைப் பார்த்தேன். ஓட்ட இன்னும் இரண்டேமுக்கால் மணித்தியாலம் மிச்சம். உண்மையான மிச்சம், ஒருவரும் தட்டி வைக்காதது. கிச்சனர் முக்கால் மணித்தியாலம்தான்.

நேற்றிரவு ஆரணியின் பல்கலைக்கழகப் பெட்டிகளைக் கட்டி, ஒழுங்காக நித்திரை இல்லை. வூட்ஸ்ரொக் வரும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். இரண்டு தரம் கோட்டின்மேல் சில்லு ஏறிய சத்தம் கேட்டது.

"டோனா, மணி இருக்கு. ஆனால் எனக்குக் களைப்பாக இருக்கிறது."

சொன்ன பிறகுதான், இந்த வசனத்தை இதற்கு முதல் ஒருவருக்கும் சொன்னதில்லை என்று தெரிந்தது. தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை.

"சரி" என்றாள் டோனா. "படு. பெட்டி நாளைக்கு."

போனை வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வெளியே நல்ல வெயில். திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பின்கட்டிலில் ஏறிப் படுத்தேன்.